வடக்கே போகிற வண்டியில் தலை எந்தப் பக்கம்

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டுவாய், கண் போனில் இருக்கும். பாதி சொல்வதற்குள் யாராவது வாழைத்தார் ஏற்ற வண்டி கேட்டுக் கூப்பிடுவார்கள், நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் எழுதி என் மருமகள் கயல்விழியிடம் கொடுத்திருக்கிறேன். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாய், காதைப் பொத்திக்கொள்ளக் கை இருக்காது. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. வழியில் யாரை ஏற்றிக்கொண்டாலும் அவர்களும் கேட்கலாம். கல்யாணமான பிள்ளையை வெளியூருக்கு வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற எந்த அம்மாவும் இதில் நாலு வரியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உளுந்து எடுத்தாயிற்று. வயல் வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறவரைக்கும் நம் ஊர் ஆம்பிளைகளுக்கு டீக்கடையைத் தவிர வேறு வேலை இல்லை. இந்த இடைவெளியில் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நீயும் கயல்விழியும் இமயமலை வரைக்கும் போய்வரப் போகிறோம் என்றபோது எனக்குச் சந்தோஷம்தான். நானும் உன் அப்பாவும் கல்யாணமான புதிதில் போன தூரம் வேளாங்கண்ணி. அதுவும் உன் பெரியப்பா குடும்பத்தோடு ஒரே வேனில் போய், அன்றைக்கே திரும்பிவிட்டோம். நீயாவது நாலு இடம் பார்த்துவிட்டு வா என்று மனதாரச் சொன்னேன். லாட்ஜ் எதுவும் வேண்டாம், வண்டியின் பின்னாலேயே தூங்கிக்கொள்கிறோம் என்றாய். அதற்கும் சரி என்றேன்.

ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே ஒன்று சொன்னாய். மணாலிப் பக்கத்தில் உன் காலேஜ் சிநேகிதன் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறான், அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேடுகிறான் என்றாய். "புடிச்சிருந்தா அங்கேயே இருந்துர்றோம்மா," என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். விளையாட்டாகச் சொன்னாயா, நூல் விட்டுப் பார்த்தாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. நீ போனால் திரும்பி வருவாயா என்பதுதான் அன்றிலிருந்து எனக்குக் கேள்வி. அதைக் கேட்க முடியாமல்தான் உன் படுக்கை விஷயத்தில் அப்படி மூக்கை நுழைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பரவாயில்லை, படுக்கைக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதலில் நீ மயங்கியது வண்டிக் கூரைமேல் விரிக்கிற கூடாரத்தில். போனில் வீடியோவாகக் காட்டிக்கொண்டே இருந்தாய். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏணியில் ஏறிப் போய், உட்கார்ந்து காப்பி குடித்து, சூரிய உதயத்தைப் பார்த்துச் சிரித்தாள். திருச்சியில் ஒரு கடையில் அதை விரித்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரையும் அழைத்துப் போனாய். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டார். படுத்துப் பார்த்தார், புரண்டு பார்த்தார், பிரமாதம் என்றார். பிறகு இறங்கத் திரும்பினார், நின்றார். கடைக்காரர் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் மேலே மண்டியிட்டுக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறார். அரை மணி நேரம் கழித்துத்தான், "ஏறுறது ஒண்ணும் பெரிசில்ல தம்பி, எறங்குறதுதான் சமாச்சாரம்," என்று ஒப்புக்கொண்டார். நீ வயசுப் பிள்ளை, உனக்கு ஏணி ஒரு பொருட்டில்லை. ஆனால் மலைக் குளிரில், தூக்கக் கலக்கத்தில், ஒன்றுக்குப் போக ஏணியில் இறங்க வேண்டும் என்பதை அந்த வெள்ளைக்காரப் பெண் காட்டவே இல்லையே. காற்று வேறு இருக்கிறது. தினமும் சாயங்காலம் விரித்து, தினமும் காலையில் மடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மனுஷன் எந்த வேலையையும் ஆசையாகச் செய்வான். மூன்றாம் வாரம் அந்தக் கூடாரத்தை யார் மடிப்பது என்பதில் சண்டை வந்துவிடும்.

அடுத்து, ஒன்றுமே செலவில்லாத வழி என்று ஒரு யோசனை சொன்னாய். வண்டித் தளத்தில் ஒரு பஞ்சு மெத்தையைப் போட்டு, மேலே நெல் மூடுகிற தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் முடிந்தது என்றாய். கட்டியும் காட்டினாய். ஈகூட நுழைய முடியாதபடி மூலைக்கு மூலை கயிறு போட்டு நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போய்ப் படுத்தீர்கள். காலையில் நான் வாசல் தெளிக்க வந்தபோது நீ தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மழை பெய்ததா என்று வானத்தைப் பார்த்தேன். மழை இல்லை. உங்கள் மூச்சுதான் தார்ப்பாயில் முத்து முத்தாகக் கோத்து உங்கள் மேலேயே சொட்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈர நெல்லைக் காற்றில்லாமல் மூடிவைத்தால் புழுங்கிப் போகும் என்று இந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மனுஷனை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை. அதனால் எங்கே தூங்கினாலும், எவ்வளவு குளிராக இருந்தாலும், இரண்டு பக்கமும் கையகலம் திறந்து வை. ஒரு பக்கம் திறந்தால் போதாது. காற்று வந்த வழியாகவே திரும்பிப் போகாது.

உன் அப்பாவின் யோசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவருக்குக் கோபம் வரும். நைலான் பட்டை பின்னிய கட்டிலை அப்படியே தூக்கி வண்டியில் வைப்பது என்பது அவர் திட்டம். கட்டில் நீளம், பின்கதவு மூடவில்லை. காலை அறுத்தால் சரியாகிவிடும் என்று ரம்பத்தை எடுத்துவந்து நாலு காலையும் அறுத்தார். நீளத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சட்டத்தையும் அறுத்திருப்பார். இப்போது அந்தக் கட்டில் கொல்லையில் தரையோடு கிடக்கிறது. நாய்க்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

எல்லோரையும் கிண்டல் செய்கிறேனே, எனக்கு மட்டும் இதில் என்ன தெரியும் என்று கயல்விழி நினைக்கலாம். தெரியும். நீ சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், கொள்முதல் நிலையத்தில் வரிசை நகரவே இல்லை. அறுத்த நெல்லை மூட்டை கட்டி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்க் காத்துக் கிடந்தோம். தனியாகப் போனால் உன் அப்பா சாப்பிட மாட்டார் என்று நானும் கூடப் போனேன். மூட்டைகளுக்கு மேலேதான் படுக்கை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்கு வெளியே தங்கியது அங்கேதான். அதைத்தான் உன் அப்பா இன்றைக்கும் எங்கள் ஹனிமூன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூட்டைமேல் படுத்துக்கொண்டு நாங்கள் பேசியதை வீட்டுக்குள் அத்தனை வருஷமும் பேசியதில்லை. தன் கவலைகளை எல்லாம் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கும்போது ஆம்பிளைகளுக்கு வாய் திறக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உனக்கும் அது பொருந்தும். கயல்விழியிடம் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறது ஏதாவது இருந்தால் அந்த வண்டியில் சொல்லிவிடு.

அங்கே கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம், குளிர் மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்துதான் வருகிறது. எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகுக்கு அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் வீண். அதனால்தான் பஞ்சு மெத்தையை மாற்றி, பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் நார் மெத்தை வாங்கச் சொன்னேன். நாக்பூர் வெயிலில் அது வேகாது, மலையில் அது சில்லிடாது. அதற்கு அடியில் ஒரு கோரைப்பாயை விரித்து வைத்திருக்கிறேன். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஓட அது வேண்டும், இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பூத்துவிடும். மேலே விரிக்க உன் அப்பாவின் பழைய வேட்டிகள் இருக்கின்றன. துவைத்துத் துவைத்து நைந்து அவ்வளவு மெதுவாக இருக்கும், அழுக்கானால் துவைத்துப் போட்ட அரை மணியில் காய்ந்தும் விடும். தூங்குகிறபோது உடுத்த ஒரு ஜோடி துணியைத் தனியாக வை, பகலில் அதைத் தொடாதே. வண்டியில் மனுஷனுக்கு மிஞ்சுகிற ஒரே சுகம் காய்ந்த துணிதான்.

இப்படி எல்லாம் ஆராய்ந்து கடைசியில் சேகர் ஆசாரியைக் கூப்பிட்டோம். வண்டித் தளத்தில் பலகை மேடை, அடியில் சாமான் வைக்க இரண்டு இழுப்பறை, மேலே கம்பிச் சட்டத்தில் கேன்வாஸ், பக்கத்துக்கு ஒரு கொசுவலை ஜன்னல். தலைப்பக்கம் மட்டும் ஒரு சாண் உயரம் ஏற்றிச் சாய்வு. அவ்வளவுதான் வேலை. சாய்வை எந்தப் பக்கம் வைப்பது என்று ஆசாரி கேட்டார். டிரைவர் கேபின் பக்கம்தான் என்று நீ சொன்னாய். அங்கேதான் உன் அப்பா எழுந்து நின்றார்.

"போறது எங்க?" என்றார்.

"வடக்கே."

"வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"வடக்கேதான்."

"அப்ப கேபின் பக்கம் தல வெச்சா தல எங்க இருக்கும்? மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. புதுசா கல்யாணம் ஆன புள்ளைங்கள ரெண்டு மாசம் வடக்க தல வெச்சுப் படுக்க வெச்சு அனுப்பச் சொல்றியா?"

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. உன் படிப்பு பேசவில்லை, கயல்விழி மருந்தாளுநர் படிப்புப் படித்தவள், அவளும் பேசவில்லை. நான் மட்டும் என்ன, வாயைத் திறந்தேனா? இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் பயம்தான். வாடகை வீட்டில் கட்டிலைப் போட இடமில்லாமல் வடக்கே தலை வருகிறது என்று வீட்டையே மாற்றிய ஆட்கள் நம் உறவில் இருக்கிறார்கள். தலைப்பக்கம் பின்கதவுக்கு வந்தது. ஆசாரி சாய்வை அந்தப் பக்கம் அடித்துப் பூட்டினார். வேலை முடிந்து ஏறிப் பார்த்தால், பின்கதவுதானே ஏறுகிற வழி, தலையணையை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதையும் எல்லோரும் பார்த்தோம். போகப் போகப் பழகிவிடும் என்று உன் அப்பா சொன்னார்.

வெள்ளோட்டத்துக்கு நீ கிளம்பியது கோடியக்கரைக்கு, உன் மாமியார் வீட்டுக்கு. நாங்கள் இரண்டு பேரும் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். மகளும் மருமகனும் வாசலில் வண்டியில் படுக்கப் போகிறார்கள் என்றதும் சம்பந்தியம்மாவுக்கு முகமே சரியில்லை. "உள்ள கட்டிலு மெத்த எல்லாம் போட்டு வெச்சிருக்கேன் சம்பந்தி. ஊரு என்னைய என்ன சொல்லும்? மருமவனுக்கு எடங் குடுக்கலன்னு சொல்லாதா?" என்று என்னிடம் வந்து புலம்பினார்கள். பிறகு மனம் கேட்காமல் ஒரு தலையணை, இன்னொரு தலையணை, ஒரு சொம்பு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வண்டிக்குள் திணித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் உங்கள் இருவருக்கும்தான் இடம் இல்லாமல் போயிற்று. விடியும் சமயத்தில் ஒரு கோடை மழை. பின்கதவு வழியாகச் சாரல் நேராக உங்கள் தலையில் அடித்து, இரண்டு பேரும் நனைந்துகொண்டு உள்ளே ஓடிவந்தீர்கள். சம்பந்தியம்மாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மழை விட்டதும் எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்றோம். அப்போதுதான் உன் அப்பாவுக்கு உறைத்தது. அந்த வீட்டுச் சந்தில் வண்டியின் மூக்கு தெற்கே கடலைப் பார்த்து நின்றது. பின்கதவு வடக்கே. சாஸ்திரம் பார்த்து, ஆசாரியை வைத்து அடித்த படுக்கையில் நீங்கள் முதல் தடவை படுத்ததே வடக்கே தலை வைத்துத்தான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இது தெக்கத்திப் பயணம், இத கணக்குல சேக்கக் கூடாது. நம்ம வண்டி வடக்கே போறதுக்குச் செஞ்சது," என்றார்.

என் வாயில் அப்போது அது வந்துவிட்டது. "போறப்ப வடக்கே போவுது, சரி. திரும்பி வர்றப்ப?"

நீ கேன்வாஸில் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாய். அத்தனை நாள் அந்தப் படுக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அளந்திருக்கிறோம், அறுத்திருக்கிறோம். போகிற வழிக்குத்தான் எல்லாம் செய்திருந்தோம். திரும்பி வருவது ஒருவர் நினைவிலும் இல்லை. எனக்கு மட்டும் அதைத் தவிர வேறு நினைவே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. டீ சுடுகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கயல்விழிதான் மெதுவாகக் கேட்டாள். "ஏன் மாமா, நிறுத்தறப்ப வண்டியத் திருப்பி நிறுத்திக்கலாமே. எங்க அப்பா படக கரையில ஏத்துனா அப்படியே வுட மாட்டாரு. மறுநாளு போறதுக்குத் தோதா கடலப் பாக்கத் திருப்பி வெச்சுட்டுத்தான் வீட்டுக்கே வருவாரு."

உலகத்தில் யாருக்கும் இது ஒரு கண்டுபிடிப்பாகவே இருக்காது. நமக்கு இருந்தது. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் வீடு இருப்பது வாய்க்கால் கரையில். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சுவர். வண்டி உள்ளே வந்தால் வந்த முகமாகவே நிற்கும், போகும்போது ரிவர்ஸிலேயே மெயின்ரோடு வரைக்கும் போகும். உன் தாத்தாவின் மாட்டுவண்டியிலிருந்து உன் பிக்கப் வரைக்கும் நம் வீட்டு வாசலில் ஒரு வண்டியும் திரும்பியது கிடையாது. நிறுத்திய வண்டியைத் திருப்பலாம் என்ற நினைப்பே நம் குடும்பத்தில் யாருக்கும் வராது. வெளியிலிருந்து ஒருத்தி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மருமகள் எதற்கு என்று கேட்பவர்களிடம் இனிமேல் இதைச் சொல்லலாம்.

உன் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். மனதுக்குள் வண்டியைத் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கேபின் பக்கம் தலை, வண்டியின் மூக்கு தெற்கே, அப்படியானால் தலையும் தெற்கே. சாஸ்திரத்துக்கும் குறையில்லை, தலையணையை மிதிக்கவும் வேண்டாம், சாரலும் அடிக்காது. அதையெல்லாம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "அப்ப எங்க நிறுத்துனாலும் வண்டி நம்ம ஊரப் பாத்துக்கிட்டு நிக்கும்," என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறேன் என்று போனார். டீ குடித்ததற்கு யாராவது கை கழுவுவார்களா? ரசம் வாங்கிக்கொண்டே நீ சொன்னது அவருக்கும் உள்ளே நின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒருத்திதான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் ஆசாரி சாய்வைப் பிடுங்கிக் கேபின் பக்கம் அடித்தார். "ஏறுற வழியில தலகாணி வெக்கிறாங்களேன்னு எனக்கும் தோணுச்சும்மா. அய்யா திசையெல்லாம் பேசுறப்ப நான் என்னத்தச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்," என்றார். அடுத்த தடவை தோன்றினால் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பினேன். ஆகவே படுக்கை இப்போது சரியாக இருக்கிறது. மீதி உன் கையில்.

நிறுத்துகிற இடத்தில் தரை சமமா என்று பார். கண்ணை நம்பாதே. வயல் சமமாக இருக்கிறதா என்று நாம் தண்ணீர் கட்டித்தானே பார்க்கிறோம்? ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேடைமேல் வை, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் கல்லைக் கொடு. ஒரு பக்கம் சரிந்த படுக்கையில் இரண்டு பேர் படுத்தால் ஒருவர் எப்போதும் இன்னொருவர் மேல் வந்து விழுவார். முதல் வாரம் அது நன்றாகத்தான் இருக்கும். கயல்விழி, இது உனக்கு. இவன் படுத்த இடத்தில் எழுந்திருக்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் தெற்கே தலை வைத்துப் போடுவேன், விடிந்து பார்த்தால் மேற்கே இருப்பான், கால் என் கழுத்தில் இருக்கும். நீ முதலில் படுத்து இடத்தைப் பிடித்துக்கொள். உதைத்தால் திருப்பி உதை. அத்தை சொன்னார்கள் என்று சொல்.

தம்பி, அந்த இடத்தில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் தூக்கமும் போய்விடும். ஆகவே முதலில் எழுந்தவர் டீ போட வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வராமல் இருக்காது. வீட்டில் சண்டை வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன், உன் அப்பா வயலுக்குப் போய்விடுவார், சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் காரணம் மறந்துவிடும். உங்களுக்குக் கொல்லையும் இல்லை, வயலும் இல்லை. அதனால் வண்டியை நிறுத்து, இறங்கு, கொஞ்சம் நட. ஒருவர் நடக்கிற தூரத்துக்கு மேல் எந்தச் சண்டையும் நீளாது. ஆனால் இறங்கி நடக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போகாதே. உன் அப்பா ஒரு தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு கோபமாகப் போனார், நான் உள்ளே இருக்கிறேன் என்று மறந்துவிட்டார். அதை நான் இன்னும் அவரை மறக்கவிடவில்லை.

இனி, ரசம் வாங்கிக்கொண்டே சொன்னாயே, அதற்கு வருகிறேன். அங்கே உங்களுக்குப் பிடித்துப்போனால் இருந்துகொள்ளுங்கள். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. வயலைக் குத்தகைக்கு விடலாம், உளுந்து எடுக்க ஆள் கிடைக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. நீ சென்னையை விட்டுவிட்டு இங்கே வந்தபோது யாரும் உன்னைக் கூப்பிடவில்லை, நீயாகத்தான் வந்தாய். போவதும் அப்படியே உன் இஷ்டமாக இருக்கட்டும். எனக்கு நீ பக்கத்தில் வேண்டும். அதை மறைக்கப் போவதில்லை, வேண்டும். ஆனால் வேண்டும் என்பதற்காக உன்னைக் கயிறு போட்டுக் கட்டிவைக்க மாட்டேன். காற்றில்லாமல் இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்றுதான் தார்ப்பாயில் பார்த்தோமே. முடிவு எதுவானாலும் எங்களிடம் நேராகச் சொல். சிரித்துக்கொண்டே சொல்லாதே. நாங்களும் கூடச் சிரித்துவிட்டுப் பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் கை கழுவப் போக வேண்டியிருக்கிறது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எங்கே நிறுத்தினாலும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வண்டியைத் தெற்கே திருப்பி நிறுத்திவிட்டுப் படு. யாராவது கேட்டால் தலைக்காக என்று சொல்லிக்கொள். காலையில் மேற்கொண்டு போக வேண்டுமென்றால் நீ வண்டியை ஒருமுறை வளைத்துத் திருப்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்புகிற அந்த நேரம் எங்களை நினைத்துக்கொள், அது போதும். என்றைக்காவது ஒரு நாள் காலையில் திருப்ப மனம் வராவிட்டால், திருப்பாதே. அப்படியே நேராக ஓட்டிக்கொண்டு வா.

உன் அம்மா